தொழிலாளர் துறையும் சுகாதாரமும் ஏன் லௌமன் ஒருவர் கையிலேயே இருக்கின்றன?

கார்ல்-யோசெப் லௌமன் இயந்திரப் பொருத்துநராக வேலை பார்த்தவர், கிறித்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். 1990 முதல் 2005 வரை ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இருந்தார். பிறகு 2010 வரை ஜெர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் தொழிலாளர், சுகாதார அமைச்சர். 2017 முதல் மீண்டும் அதே பதவி. அந்த மாநிலத்தில் இரண்டும் ஒரே அமைச்சகம்தான்.

இந்த இணைப்பின் பயன் 2020இல் தெரிந்தது. அதே மாநிலத்தின் ரேடா-வீடன்புருக் ஊரிலுள்ள இறைச்சி ஆலையில் கொரோனா பரவியது. அங்கே கத்தி பிடித்தவர்களில் பெரும்பாலோர் துணை ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். நெரிசலான விடுதி வாசம், பொறுப்பேற்க ஆளில்லை. 2021 ஜனவரி 1 முதல் வெட்டும் வேலைக்கு ஒப்பந்த ஆட்களைக் கூட்டாட்சிச் சட்டம் தடுத்தது (49 பேர் வரையுள்ள கசாப்புக் கடைகளுக்கு விலக்கு). சட்டம் பெர்லினுடையது என்றாலும் ஆலைக்குள் நுழைந்து சோதிப்பது மாநில ஆய்வாளர்களே. அதனால்தான் மாநில அமைச்சரின் பிடிவாதம் முக்கியம்.