இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு போடலாமா?

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 9.8. நர்சம்மா தந்த சிவப்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ராத்திரி பாலோடு சேர்த்துப் போட்டுவந்தேன். மலம் கறுப்பாகப் போனது, மலச்சிக்கல் வேறு. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியாரும் சொன்னதால் பத்து நாளாக நிறுத்திவிட்டேன். சரிதானா?
- வாசகி, தேனி

பதில்: இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. 9.8 என்பது அதில் நடுத்தர வகை.

சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ரத்தசோகை இல்லாதவருக்கு நாளுக்கு ஒன்று. இருப்பவருக்குப் பொதுவாகக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று. உங்களுக்கு எத்தனை என்று நர்சம்மாவிடம் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

இதுவரை நீங்கள் போட்டதில் பாதிப் பலன் பாலிலேயே போயிருக்கும். கால்சியம் இரும்பை உடம்பில் ஏறவிடாது. டீ, காபியும் அப்படித்தான். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் விழுங்குங்கள். நெல்லிக்காய், கொய்யா கிடைத்தால் கூடவே தின்னலாம். கால்சியத்தைச் சாப்பாட்டோடு போடுங்கள்; இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் இருக்கட்டும். குமட்டினால் ராத்திரி மாத்திரையைப் படுக்கப்போகும்போது போட்டுப் பாருங்கள்.

மலம் கறுப்பது, உடம்பில் ஏறாத இரும்பு வெளியேறுவதால். பயம் வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம், கொஞ்சம் நடை. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். பிள்ளையின் நிறம் பெற்றவர்கள் வழியாக வருவது, மாத்திரையால் அல்ல. மாமியாரையும் ஒருமுறை செக்கப்புக்கு அழைத்துப் போங்கள். நர்சம்மா வாயால் கேட்டால் அவர் மனசு ஆறும்.

கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை உங்களிடமிருந்து அதிக இரும்பை எடுத்துச் சேமிக்கும். பிறந்து ஆறு மாதம் வரை அதற்கு அந்தச் சேமிப்புதான் பெரிய கைமுதல். அதனால் மாதாமாதம் ரத்தம் பாருங்கள். ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம்: குடல்புழு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு. மூச்சிரைப்பு, படபடப்பு, கால் முகம் வீக்கம் வந்தால் மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அந்தச் சிவப்பு மாத்திரையை என் இரண்டு வயது மகன் மிட்டாய் என்று எடுக்கிறான். ஒன்றிரண்டு தின்றால் ஆபத்தா?
- வாசகி, அரியலூர்

பதில்: ஆபத்துதான். எத்தனை தின்றான் என்று தெரியாவிட்டால், அவன் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், மீதி மாத்திரையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் வாந்தி, பேதி. பிறகு தெளிந்ததுபோல இருந்து, சில மணி நேரம் கழித்து மோசமாகலாம். வீட்டில் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மாத்திரையைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள், தலையணைக்கு அடியில் அல்ல.