அஜந்தா, எல்லோரா: வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்

வணக்கம். திங்களன்று அஜந்தா, செவ்வாயன்று எல்லோரா என்று திட்டமிட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அஜந்தாவுக்குத் திங்களும் எல்லோராவுக்குச் செவ்வாயும் விடுமுறை என்பதால், அந்த வரிசையில் போனால் இரண்டு நாளும் பூட்டிய வாயிலைத்தான் பார்ப்பீர்கள், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். ஔரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) எல்லோரா சுமார் 30 கி.மீ. தான். அங்கே பலரும் கைலாசநாதர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் பௌத்தக் குகைகளையே நாடுவதால், மரச்சட்டங்களைப் போலவே கல்லில் வளைவுகள் செதுக்கிய கூரையின்கீழ் புத்தர் அமர்ந்திருக்கும் 10ஆம் குகையில் நெடுநேரம் நில்லுங்கள். அஜந்தா சுமார் 100 கி.மீ. என்பதால் விடியலிலேயே கிளம்புங்கள். 1ஆம் குகையில் தாமரை ஏந்திய போதிசத்துவரான பத்மபாணியின் ஓவியத்தையும், 26ஆம் குகையில் பரிநிர்வாணத்தில், அதாவது இறுதி மறைவில், சயனித்திருக்கும் புத்தருக்குக் கீழே துயருற்றிருக்கும் சீடர்களின் முகங்களையும் அவசரமின்றிப் பாருங்கள்.