நல்ல சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள்

(சீட்டாட்டம்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் போக்கர் டோர்னமென்ட் வைக்கிறோம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான், ஆளுக்கு 5,000. நல்ல சீட்டு வந்தால் மட்டுமே ஆடுவேன். கடைசி நாலு பேருக்குள் வந்துவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் நாலாவதாக வெளியே போகிறேன். எங்கே தப்பு?
- ஒரு வாசகர், கொளத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் நீங்கள் ரம்மி ஆடிப் பழகியவர் என்று தோன்றியது. நானும் அப்படி வந்தவன்தான். 201 பாயிண்ட் ரம்மியில் ஸ்கூட் விட்டால், அதாவது ஆடாமலே சீட்டைப் போட்டுவிட்டால், 25 பாயிண்ட். முதல் ஆட்டத்திலும் 25, கடைசி ஆட்டத்திலும் 25. அதனால் அங்கே பொறுமை லாபம். போக்கர் டோர்னமென்டில் காத்திருப்பதற்கான விலை ஏறிக்கொண்டே போகும். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடவேண்டிய சிப்ஸ், ஒருவர் சிறியது, அடுத்தவர் பெரியது. அந்த முறை எல்லோருக்கும் சுற்றி வரும். பிளைண்ட் 25-50 என்று ஆரம்பிக்கும்போது ஒரு சுற்றுக்கு 75 சிப்ஸ். அதுவே 300-600 ஆகும்போது ஒரு சுற்றுக்கு 900. போதாததற்கு மேஜையில் நாலு பேர்தான் மிச்சம், நாலே ஆட்டத்தில் சுற்று முடிந்துவிடும். உங்களிடம் 3,600 இருந்தால், ஒரு சீட்டும் ஆடாமல் உட்கார்ந்தாலே 16 ஆட்டத்தில் கை காலி.

நங்கநல்லூரில் நாங்கள் ஆடும் மாடியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் மிச்சம், பிளைண்ட் 300-600. சீட்டு சரியில்லை, சரியில்லை என்று கவிழ்த்துக் கவிழ்த்து 1,800-க்கு வந்துவிட்டேன். அப்போதுதான் ஏஸும் ராஜாவும் வந்தன. ஆல்-இன் என்றேன், கையிலிருந்த சிப்ஸ் மொத்தத்தையும் போட்டுவிட்டேன். பெரிய பிளைண்டில் இருந்த நண்பர் தன் சீட்டைத் தூக்கிப் பார்க்கும் முன்பே சிப்ஸ் அடுக்கில் கை வைத்துவிட்டார். 7-ம் 4-ம்தான் வைத்திருந்தார். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டில் ஒரு 4 விழுந்தது, அவருக்கு ஜோடி சேர்ந்துவிட்டது, நான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து பேப்பரில் கணக்குப் போட்டேன். அவர் செய்தது சரி. 600 ஏற்கெனவே பிளைண்டாகப் போட்டுவிட்டதால் அவர் இன்னும் போடவேண்டியது 1,200. கிடைக்கக்கூடியது என் 1,800-ம் பிளைண்ட் 900-ம் சேர்த்து 2,700. மூன்றுக்கு ஒருமுறை ஜெயித்தாலே அவருக்கு லாபம். அந்த நிலையில் எந்தச் சீட்டையும் தூக்கி எறிய அவருக்குக் காரணமே இல்லை. இதையே நான் கையில் 6,000 இருக்கும்போது செய்திருந்தால்? அவர் 5,400 போட்டு 6,900-க்கு ஆடவேண்டும். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 44 தடவை ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும். 7-ஐயும் 4-ஐயும் வைத்துக்கொண்டு யாரும் அதற்கு வரமாட்டார்கள். எல்லோரும் கவிழ்த்திருந்தால் சீட்டைக் காட்டாமலேயே 900 எனக்கு வந்திருக்கும். அது 6,000-க்கு 15 சதவீதம், ஒரு முழுச் சுற்றுக்கான செலவு.

அதனால் நீங்கள் எண்ண வேண்டியது சீட்டை அல்ல, சிப்ஸை. கையில் இருப்பதைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். 10-க்கு வந்துவிட்டால் இனி நடுவழி கிடையாது. ஒன்று கவிழ்ப்பது, இல்லை மொத்தமாகத் தள்ளுவது. கொஞ்சம் போட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதுதான் ஆளைத் தின்னும். உங்களுக்கு முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டு, பின்னால் ஒருவரோ இருவரோதான் பாக்கி என்றால், ஏதாவது ஒரு ஏஸ், ஏதாவது ஒரு ஜோடி போதும், தள்ளுங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் ஆல்-இன் சொல்லிவிட்டால் மட்டும் பழைய பொறுமைக்குத் திரும்புங்கள். தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி, எதிராளி ஓடிவிடலாம் அல்லது நம் சீட்டு நிற்கலாம். பின்னால் போய்ச் சேர்கிறவருக்கு ஒரே வழி.

அப்புறம், மேஜையில் யாரிடம் அதிகச் சிப்ஸ் என்று பார்த்துவையுங்கள். அவரிடம் மோதித் தோற்றால் நேராக வீடுதான். நடுவாக வைத்திருப்பவர்கள்தான் பயந்து கவிழ்ப்பார்கள், அவர்கள் பிளைண்டில் இருக்கும்போது தள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு ஏஸ் வந்து இரண்டு முறையும் தோற்றேன். ராசி இல்லையா?
- ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: ஜோடி ஏஸ் 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். அது வந்து தோற்றால் மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்று எனக்குத் தெரியும். ராசியை விடுங்கள், எத்தனை பேரை உள்ளே விட்டீர்கள் என்று யோசியுங்கள். என்ன சீட்டு என்றே தெரியாத ஒருவரோடு கடைசிவரை போனால் நூற்றுக்கு 85 தடவை உங்கள் ஏஸ் ஜெயிக்கும். நாலு பேரோடு போனால் 56 தான். ஆசையில் பதுங்கிக்கொண்டு நாலு பேரை மலிவாக உள்ளே விட்டிருப்பீர்கள். முதலிலேயே பெரிய பிளைண்டைப்போல் மூன்று மடங்கு ஏற்றுங்கள், ஒருவரோ இருவரோ மட்டும் வரட்டும். அப்படியும் சில நாள் தோற்கும். அது உங்கள் தப்பில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் போனில் காசு கட்டிப் போக்கர் ஆடுகிறான். "இது திறமை ஆட்டம், ஒருத்தர் இப்படித்தான் கோடீஸ்வரர் ஆனார்" என்கிறான். விடலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: விடாதீர்கள் அம்மா. திறமை வேண்டும் என்பது உண்மை, இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன். அவன் சொல்வது அநேகமாக 2003-இல் லாஸ் வேகாஸில் போக்கர் உலகத் தொடரை ஜெயித்த கிறிஸ் மணிமேக்கரை. கணக்காளராக வேலை பார்த்தவர், இணையத்தில் ஒரு சிறிய தகுதிப் போட்டி வழியாக உள்ளே வந்து 25 லட்சம் டாலர் வென்றார். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் வைத்திருந்த அந்தப் போட்டியில் மொத்தம் 839 பேர். பரிசு வாங்கியவர்கள் 63 பேர். மீதி 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். அவர்களிலும் திறமைசாலிகள் நிறைய.

தவிர, இணையத்தில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றிவிட்டது. அதற்குப் பிறகும் காசு வாங்கும் செயலியிடம் போட்ட பணத்தை யாரிடம் போய்க் கேட்பான்?

திட்டாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். எவ்வளவு போயிருக்கிறது என்று முதலில் கேளுங்கள், கடன் வாங்கியிருக்கிறானா என்று அடுத்துக் கேளுங்கள். ஆட்டம்தான் பிடிக்கிறது என்றால் பாரிமுனைக்குப் போய் ஒரு டப்பா பிளாஸ்டிக் சிப்ஸ் வாங்கி வரட்டும். நண்பர்களை வீட்டுக்கே கூப்பிட்டு, உங்கள் ஹாலில் ஆடட்டும்.