ஊர் மாறிய பிறகு குழந்தைக்கு டாக்டர் தேடுகிறீர்களா?

கேள்வி: கணவரின் வேலை காரணமாகத் தென்காசியிலிருந்து ஓசூருக்குக் குடிவந்திருக்கிறோம். மகளுக்கு ஏழு மாதம். பிறந்ததிலிருந்து ஊரில் ஒரே டாக்டரிடம்தான் காட்டினோம். இங்கே பக்கத்திலேயே மூன்று கிளினிக்குகள் இருக்கின்றன. மூன்றின் பலகையிலும் ‘குழந்தைகள் நலம்’ என்று எழுதியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள் புரியவில்லை. யாரிடம் போவது? அவர் குழந்தை மருத்துவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. பெரும்பாலான பெற்றோர் நடுராத்திரியில் காய்ச்சல் கொதிக்கும்போதுதான் டாக்டரைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் பலகையைப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருக்காது.

பலகையில் முதலில் எம்.பி.பி.எஸ். இருக்கும். அது அடிப்படைப் பட்டம். குழந்தை மருத்துவர் என்று சொல்லிக்கொள்ள அதற்கு மேல் ஒரு படிப்பு வேண்டும். எம்.டி. (குழந்தை மருத்துவம்) மூன்றாண்டுப் படிப்பு. டி.என்.பி. தேசியத் தேர்வு வாரியம் தருவது, எம்.டி.க்கு நிகரானது. டி.சி.எச். இரண்டாண்டுப் பட்டயம். நம் ஊர்களில் பல ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்துப் பழுத்த டாக்டர்களில் பலர் டி.சி.எச். படித்தவர்கள்தான். எனவே எம்.டி. இல்லையே என்று தயங்க வேண்டாம்.

குழப்பம் மற்ற எழுத்துகளில்தான் வரும். எஃப்.ஐ.ஏ.பி. என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தரும் கௌரவம். மதிப்புக்குரியதுதான், ஆனால் படிப்பு அல்ல. வெளிநாட்டு நகரத்தின் பெயரோடு வரும் குறுகிய காலச் சான்றிதழ்களும் மூன்றாண்டுப் பயிற்சிக்கு ஈடாகாது. இன்னொன்றையும் கவனியுங்கள். சித்த மருத்துவத்திலும் ‘குழந்தை மருத்துவம்’ என்ற எம்.டி. பட்டப்படிப்பு உண்டு. அதைப் படித்தவர் அந்த முறையில் தகுதி பெற்றவரே, அவருடைய பதிவு வேறு கவுன்சிலில் (டாக்டர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) இருக்கும். நீங்கள் எந்த முறை மருத்துவரைத் தேடுகிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால், எம்.டி.க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

அடுத்தது பதிவு எண், அதாவது டாக்டராகப் பதியும்போது மாநில மருத்துவக் கவுன்சில் தரும் எண். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி ஒவ்வொரு டாக்டரும் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அது இருக்க வேண்டும். சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஆகவே எண்ணைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், அந்த டாக்டரிடம் காட்டிய பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டை வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், தேசிய மருத்துவ ஆணையம் வைத்திருக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடலாம். பெயரை வைத்துத் தேடாதீர்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது முன்னெழுத்து மட்டும். ‘செந்தில்குமார்’ என்று தேடினால் நீண்ட பட்டியல் வரும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். எண்ணை வைத்துத் தேடி, வரும் பெயர், தந்தை பெயரின் முதல் எழுத்து, படித்த பல்கலைக்கழகம் ஆகியவை பலகையோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஓசூருக்கென்று ஒரு எச்சரிக்கை: எல்லை அருகில் இருப்பதால் அங்கே கர்நாடகக் கவுன்சிலில் பதிந்த டாக்டர்களும் இருக்கலாம். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே எண் கொடுப்பதால், கர்நாடக எண்ணைத் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் வரும். எண்ணோடு கவுன்சிலின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்து மேற்படிப்பு இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சிலர் மேற்படிப்பைக் கூடுதல் தகுதியாகப் பதிய வைக்காமல் விட்டிருப்பார்கள். “டாக்டர், குழந்தை மருத்துவம் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். படித்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். எண்ணே இல்லை, கேட்டால் கோபம் வருகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சந்தேகம் வலுவாக இருந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

இவ்வளவும் பார்த்தால் அவர் படித்தவர் என்பது உறுதியாகும். உங்கள் மகளுக்கு ஏற்றவரா என்பதை நேரில் போய்த்தான் அறிய முடியும். காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் போங்கள். என் கண் முதலில் போகும் இடம் எடை இயந்திரம். குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஒருமுறை ஒரு பாட்டி கைக்குழந்தையோடு என்னிடம் வந்தார். வேறொரு இடத்தில் கொடுத்த சீட்டில் பாராசிட்டமால் ‘4 மி.லி.’ என்று மட்டும் இருந்தது. அங்கே நினைத்தது சிரப், பாட்டியின் கையில் இருந்தது சொட்டு மருந்து. வழக்கமான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 125 மி.கி.தான். அதாவது நான்கு மடங்கு மருந்து உள்ளே போகவிருந்தது. நல்ல வேளையாகப் பாட்டி ஒரு வேளைகூடக் கொடுக்கும் முன் கேட்க வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் சீட்டில் எடையை எழுதாமல் மருந்தை எழுதியதில்லை. உங்கள் டாக்டரும் குழந்தையை எடை போட்டு, அதைச் சீட்டில் எழுதி, சிரப்பா சொட்டா என்று குறித்து, எத்தனை மில்லி என்று வாயாலும் சொல்கிறாரா என்று பாருங்கள்.

சளி என்று போனதும் இருமல் சிரப் எழுதுகிறாரா என்பதையும் கவனியுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப்புகள் தரக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் தெளிவாக அறிவுறுத்தியிருக்கிறது. ஏழு மாதக் குழந்தைக்கு “இப்போது மருந்து எதுவும் வேண்டாம், தாய்ப்பால் கொடுங்கள், மூச்சு வேகமாக வாங்கினால் உடனே வாருங்கள்” என்று சொல்லி அனுப்பும் டாக்டர் அமைந்தால் விடாதீர்கள்.

யாரைக் கேட்டுத் தேடுவது? இணையத்தில் உள்ள நட்சத்திரங்களில் பெரும்பாலும் காத்திருக்கும் நேரமும் வண்டி நிறுத்தும் இடமும்தான் மதிப்பிடப்படுகின்றன. நான் நம்புவது சுகாதார நிலையத்துச் செவிலியரை. உங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். நம் மாநிலத்தில் புதன்கிழமைதான் வழக்கமான தடுப்பூசி நாள். அதுவரை காத்திருக்காமல் வரும் புதன்கிழமையே தென்காசியில் கொடுத்த தடுப்பூசி அட்டையோடு போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, “இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கு யாரைப் பார்க்கச் சொல்வீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளை யாரிடம் காட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம்.

டாக்டரை முடிவு செய்ததும் முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இரவில் அவசரம் என்றால் அவரே பார்ப்பாரா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். அந்தப் பெயரையும் 108ஐயும் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பழைய டாக்டரின் சீட்டுகளையும் எடைக் குறிப்புகளையும் தூக்கிப் போடாமல் ஒரே கோப்பில் வையுங்கள். புதியவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.