சுருட்டை முடியைக் காய்ந்தபின் சீவாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சின்ன வயதில் லேசான அலையாக இருந்த முடி, வயதுக்கு வந்த பிறகு நன்றாகச் சுருண்டுவிட்டது. தினமும் காலையில் சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறேன். சீப்பு நிறைய முடி வருகிறது, வளரவும் மாட்டேன் என்கிறது. எனக்கு நீளமான நேர் முடி. நான் எனக்குச் செய்வதைத்தான் அவளுக்கும் செய்கிறேன். பார்லரில் ஸ்ட்ரெயிட்டனிங் செய்துவிடச் சொல்லி அழுகிறாள். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஏன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. நாளைக் காலை சீப்பில் வரும் முடியில் பத்துப் பதினைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, ஒவ்வொன்றின் இரண்டு முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் மிகச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. தினம் 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். சுருட்டை முடியில் உதிர்ந்தது கீழே விழாமல் மற்ற முடிக்குள்ளேயே சிக்கி நிற்கும். சீவும்போது மொத்தமாக வருவதைப் பார்த்துப் பெற்றவர்கள் பயந்துவிடுகிறார்கள்.

குமிழ் இல்லாமல், குட்டை குட்டையாக இருந்தால் அது நடுவில் அறுந்த முடி. உங்கள் மகளுக்கு இதுதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். வளரவில்லை என்று தோன்றுவதும் பெரும்பாலும் இதனால்தான். முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, அதே வேகத்தில் நுனியில் அறுந்தும் போகிறது. அதோடு, சுருள் பாதி நீளத்தை ஒளித்துவிடும். குளித்த ஈரத்தில் ஒரு கற்றையை மெல்ல நீட்டிப் பாருங்கள், உண்மையான நீளம் தெரியும்.

முடி நேராக வருவதும் சுருண்டு வருவதும் தோலுக்கடியில் அது முளைக்கும் குழியின் வடிவத்தைப் பொறுத்தது. குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். குழி வளைந்திருந்தால் முடியும் சற்றுத் தட்டையாகி, சுருண்டு வரும். இது பரம்பரை. பூப்புக்குப் பிறகு முடியின் தன்மை மாறுவதையும் நிறையப் பேரிடம் பார்க்கிறோம். இதில் நோய் எதுவும் இல்லை, குறையும் இல்லை. அதை அவளிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முடியின் மேல்பக்கம், ஓட்டு வீட்டுக் கூரையைப்போல, ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. வளைவு வருகிற இடங்களில் செதில் எளிதில் தூக்கிக்கொள்ளும், முடி அங்கேதான் அறும். தலைத்தோலில் ஊறும் எண்ணெயும் உங்கள் முடியில் நுனிவரை வழுக்கி இறங்குவதுபோல அவள் முடியில் இறங்காது. உச்சியில் பிசுபிசுப்பு, நுனியில் வறட்சி என்று இருப்பது அதனால்தான்.

நேர், அலை, சுருள், இறுக்கச் சுருள் என்று 1 முதல் 4 வரை எண் போட்ட அட்டவணையை உங்கள் மகள் செல்போனில் பார்த்திருப்பாள். ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்க முடியலங்காரக் கலைஞர் 1990களில் பரப்பியது அது. பேச்சுக்கு உதவும், அவ்வளவுதான். ஒரே தலையில் முன்பக்கம் அலையும் பிடரியில் சுருளுமாக இருப்பவர்கள் ஏராளம்.

சரி, என்ன செய்வது? நேர் முடி ஈரத்தில் இழுபட்டு அறும், அதனால் நீங்கள் கொஞ்சம் உலரவிட்டுச் சீவுவது சரி. சுருட்டை முடிக்கு நேர்மாறு. காய்ந்திருக்கும்போது சீவினால்தான் அதிகம் அறும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கும்போது, நடுவிலிருந்து நுனிவரை கண்டிஷனர் தடவி, முதலில் விரலாலும் பிறகு பல் அகன்ற சீப்பாலும் சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் சிக்கெல்லாம் கீழே திரண்டு முடிச்சாகிவிடும். குளித்ததும் துண்டால் தட்டித் தட்டி உலர்த்துவதை விட்டுவிடுங்கள். பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பள்ளி நாட்களில் தண்ணீர் தெளித்து, விரலால் பிரித்துப் பின்னிவிடுங்கள். தினம் சீப்பு போட வேண்டியதே இல்லை.

தேங்காய் எண்ணெயை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். குளிப்பதற்கு முன் முடியின் தண்டிலும் நுனியிலும் தடவுங்கள். அது முடிக்குள் ஊறி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தப் பலன் இல்லை. பொடுகு இருந்தால் மட்டும் தலைத்தோலில் எண்ணெய் வைத்து ஊறவிடாதீர்கள், பொடுகுக் கிருமிக்கு அது தீனி. சீயக்காயோ அரப்போ போடுகிறீர்கள் என்றால், கரைத்து வடிகட்டிப் போடுங்கள். பொடி சுருளுக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பதற்குள் பாதி முடி போய்விடும்.

இரட்டைச் சடையை இழுத்துப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டும்போது நெற்றியோர முடியின் வேர் நாள் முழுக்க இழுபடுகிறது. காதுக்கு முன்னால் முடி மெலிந்திருக்கிறதா பாருங்கள். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். வகுப்பாசிரியையிடம் பேசித் தளர்வாகப் பின்ன அனுமதி கேளுங்கள்.

இனி ஸ்ட்ரெயிட்டனிங். கெரட்டின் என்ற பெயரில் செய்யும் பல பூச்சுகளில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவி வெளிவரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அது இல்லை என்று விற்பவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்ற சந்தேகம் உண்டு. இஸ்ரேலில் முடியை நேராக்கிக்கொண்ட பிறகு திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 26 பேரைப் பற்றி 2023இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ரீபாண்டிங் வேறு வகை: முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து மறுபடி ஒட்டுவது. ஏற்கெனவே அறுந்துகொண்டிருக்கும் முடி அதைத் தாங்காது. அப்படியே செய்தாலும் மூன்று மாதத்தில் வேரிலிருந்து 3 செ.மீ. சுருட்டை முடி வந்து நிற்கும், மறுபடி செய்யத் தோன்றும். 13 வயதுப் பிள்ளைக்கு நான் இதை அனுமதிக்க மாட்டேன்.

மேலே சொன்னபடி இரண்டு மூன்று மாதம் செய்து பாருங்கள். குமிழ் உள்ள முடி தினம் நூறுக்கும் மிக அதிகமாக உதிர்ந்தாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோலில் செதிலும் அரிப்பும் இருந்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடந்த மூன்று மாதத்தில் டெங்கு, டைஃபாய்டு மாதிரிக் கடுமையான காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டுவது) தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.