‘512 ஜிபி’ மெமரி கார்டில் போட்ட படங்கள் போய்விட்டன: கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். என் போனில் 64 ஜிபிதான். எந்நேரமும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்றே வரும். திருச்சிக்குப் போயிருந்தபோது ஒரு செல்போன் கடையில் 512 ஜிபி மெமரி கார்டு 900 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டையில் பிரபலமான கம்பெனியின் பெயர் இருக்கிறது. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பில் தரவில்லை. பிளவுஸ் டிசைன் படங்கள், மகளின் சின்ன வயது வீடியோக்கள் எல்லாவற்றையும் கார்டுக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டேன். மூன்றாவது வாரம் பார்த்தால், கேலரியில் சின்னதாகத் தெரிகிற படத்தைத் தொட்டதும் வெறும் சாம்பல் நிறமாக வருகிறது. வீடியோக்கள் ஓடவே இல்லை. கடைக்குப் போய்க் கேட்டேன். “உங்க போன்லதான் கோளாறு. வித்த பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம். வேணும்னா கார்டைக் குடுத்துட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கறேன்” என்கிறார். 900 ரூபாய்க்காகக் கோர்ட்டுக்குப் போவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கார்டை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. உங்கள் வழக்கில் உள்ள ஒரே சாட்சிப் பொருள் அதுதான். “கம்பெனிக்கு அனுப்புகிறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வேறொரு கார்டை நீட்டினால், நீங்கள் வாங்கியது எது என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிரூபிக்க முடியாது. மாற்றுக் கார்டு தருகிறேன் என்று இறங்கி வந்தாலும், எழுத்தில் வாங்காமல் பழையதைக் கொடுக்க வேண்டாம்.

இன்றைக்கே போனிலிருந்து கார்டைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கிடக்கும்வரை போன் அதில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று போன் கேட்டால் சம்மதிக்காதீர்கள். கார்டு வந்த பிளாஸ்டிக் உறை குப்பையில் கிடந்தாலும் எடுத்து வையுங்கள். சட்ட முறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள், 2011-இன்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் எல்லாம் அந்த உறையில் இருந்தாக வேண்டும். போலிச் சரக்கில் இவை பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். அந்த வெற்றிடமே உங்களுக்கு ஆதாரம்.

என்ன நடந்திருக்கும் என்பது நீங்கள் சொல்லும் அறிகுறியிலிருந்தே ஓரளவு தெரிகிறது. போலிக் கார்டுக்குள் இருக்கும் சில்லு 16 ஜிபியோ 32 ஜிபியோதான் கொள்ளும். அதைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மட்டும் மாற்றி, போன் கேட்டால் ‘512 ஜிபி’ என்று பதில் சொல்லும்படி வைத்துவிடுகிறார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காகவே போகும். அதன் பிறகு வருகிற கோப்புகளின் பெயர் பதியும், உள்ளடக்கம் பதியாது, அல்லது பழைய கோப்புகளின் மேலேயே எழுதப்படும். கேலரியில் தெரியும் குட்டிப் படங்கள் போனின் சொந்த நினைவகத்தில் தனியாகச் சேமிக்கப்பட்டவை. அதனால்தான் பார்க்கும்போது எல்லாம் பத்திரமாக இருப்பதுபோல் தெரிகிறது, தொட்டதும் சாம்பலாகிவிடுகிறது.

ஆனாலும் ‘போலி’ என்று மனுவில் எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.

ஒன்று, கார்டு அசலாகவே இருந்து பழுதாகியிருக்கலாம். அப்படியானால் இது வாரண்டி விவகாரம், கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். போலி என்றால் அந்தப் பெயருக்குரிய கம்பெனியும் உங்களைப் போலவே ஏமாற்றப்பட்ட தரப்பு. அவர்களை வழக்கில் இழுத்தால் பிழை. அதனால் கார்டின் இரு பக்கங்களையும், அதில் உள்ள எண்ணையும் படம் எடுத்து, அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஈமெயில் அனுப்பி, “இது உங்கள் தயாரிப்புதானா?” என்று கேளுங்கள். ‘இல்லை’ என்று ஒரு வரி பதில் வந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி.

இரண்டாவது, ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து சில போன்களில் கார்டை போனின் சொந்த நினைவகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்படி மாற்றினால் கார்டு முழுக்கக் குறியாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிடும். அந்தப் போனைத் தவிர வேறெதிலும் திறக்காது. போனை ரீசெட் செய்தால் சாவியும் போய்விடும். நீங்கள் அப்படி எதையும் செய்யவில்லை, ரீசெட்டும் செய்யவில்லை என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். “போன் கோளாறு” என்ற கடைக்காரரின் வாதத்துக்கு அதுவே பதில்.

இதே போன்ற சந்தேகத்தோடு எழுதும் மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். 128 ஜிபி கார்டு போட்டால் 119 ஜிபிதான் காட்டுகிறது என்பது மோசடி ஆகாது. கம்பெனி ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, கம்ப்யூட்டரும் சில போன்களும் 1024-ஆல் வகுக்கின்றன. அந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போடாதீர்கள்.

கொள்ளளவைச் சோதிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். ஆனால் அவை கார்டில் எழுதுபவை. எஞ்சியிருக்கும் படங்களும் அதில் அழியலாம். ஆகவே டேட்டா ரெக்கவரி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கார்டைச் செருகும் அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள ‘லாக்’ விசையைத் தள்ளி எழுத்துத் தடை போட்ட பிறகு, கார்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். மீட்க முடிந்ததை அந்தப் பிரதியிலிருந்து மீட்கட்டும். அதற்கு அவர் தரும் பில்லையும், ‘இன்ன காரணத்தால் மீட்க முடியவில்லை’ என்ற அறிக்கையையும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் இழப்பீட்டில் கேட்கலாம். சோதனை மென்பொருளை ஓட்டுவது ஆணையம் சொன்ன பிறகு நடக்கட்டும்.

இனி சட்டம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47) நேர்மையற்ற வணிக நடைமுறை எது என்று வரிசையாகச் சொல்கிறது. பொருளின் தரத்தையோ அளவையோ பொய்யாகச் சொல்லி விற்பது அதில் வருகிறது. பில் கொடுக்காததும் வருகிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு ஏதும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் வருகிறது. நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே போய்க் கேட்டிருக்கிறீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் போர்டு மாட்டிவிட்டால் இந்தச் சட்டம் அந்தக் கடைக்குப் பொருந்தாது என்று ஆகிவிடாது.

பில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஜிபே பரிவர்த்தனையில் தேதி, தொகை, பெயர், யுபிஐ எண் எல்லாம் இருக்கிறது. வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த வரியை எடுத்து, வங்கி முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையாக இருந்தால், 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்கு வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் பில் போட வேண்டியது அவர் கடமை. பதிவுச் சான்றைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்கவும் வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால் நோட்டீஸ் அனுப்பச் சரியான பெயர், முகவரி கிடைத்துவிடும்.

அவர் சொல்லக்கூடிய அடுத்த வாதம், “நான் செய்த கார்டா? மொத்த வியாபாரியிடம் வாங்கினேன், விற்றேன்” என்பது. இதற்குப் பிரிவு 86 பதில் சொல்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தாலும் அவருக்கு நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால், விற்றவரிடமே ‘பொருள் பொறுப்பு’க்கான இழப்பீட்டை, அதாவது குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கான இழப்பீட்டை, கேட்கலாம். முகவரி இல்லாத கார்டை விற்றவருக்கு இந்தப் பிரிவிலிருந்து தப்புவது கடினம்.

ஆனால் இந்தப் பொருள் பொறுப்பு அத்தியாயத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. அதில் ‘தீங்கு’ என்பதற்கான விளக்கத்தில் வணிக இழப்பு, பொருளாதார இழப்பு சேராது. டிசைன் படங்கள் போனதால் ஆர்டர் போயிற்று என்ற நஷ்டத்தை அந்த வழியில் கேட்டால் தள்ளுபடி ஆகும். அதைப் பிரிவு 39-இன் கீழ், எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு என்று கேளுங்கள். எந்த வாடிக்கையாளர், எந்த ஆர்டர், எவ்வளவு கூலி என்று வாட்ஸ்அப் உரையாடலோடு காட்டினால்தான் நிற்கும். மொத்தமாக ஒரு லட்சம் என்று எழுதிவிட்டு வந்தால் நிற்காது.

‘தொழிலுக்கு வாங்கிய கார்டு, இவர் நுகர்வோரே அல்ல’ என்றும் சொல்வார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது. வீட்டில் உட்கார்ந்து தாமே ஊசி பிடிக்கிற உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. குடும்ப வீடியோக்களுக்கும் அதே கார்டுதான் என்பதால் இந்த வாதம் இன்னும் பலவீனமாகிறது.

உறையின் பின்பக்கம் ‘சேமித்த தகவல் அழிந்தால் பொறுப்பல்ல, கார்டை மட்டும் மாற்றித் தருவோம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கலாம். பொய்க் கொள்ளளவு சொல்லி விற்றவர் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று வாதாடலாம். ஆனால் மனுவில் அதை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் எழுதிவிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாவட்ட ஆணையத்தில் அந்த ஒரு சொல்லை வைத்தே அதிகார வரம்பு ஆட்சேபம் எழும். பொருள் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்துங்கள்.

கடை திருச்சியில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று 2019 சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது. உங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம், நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் பிரிவு 12-இன்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-இல் அழையுங்கள். 900 ரூபாய்க்கு வழக்கா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கப்போவது கார்டின் விலையை மட்டும் அல்ல, அதை நம்பி அழித்த படங்களுக்கும் சேர்த்துத்தான்.

மனுவுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில கடைகள் அதிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கூடவே 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிச் சேர்ந்ததற்கான சான்றை வையுங்கள். கார்டு வாங்கிய தேதி, யுபிஐ எண், 512 ஜிபி என்று சொல்லி விற்றது, கோளாறைச் சொல்லித் திருப்பிக் கேட்ட தேதி, அவர் சொன்ன பதில் எல்லாம் அதில் இருக்கட்டும். கோபமான சொற்கள் வேண்டாம். அந்த நோட்டீஸைத்தான் பின்னால் ஆணையம் படிக்கப்போகிறது.

ஆணையம் கார்டைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். சோதனை வேண்டாத வழக்கு 3 மாதத்தில், வேண்டிய வழக்கு 5 மாதத்தில் முடிய வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. முதல் விசாரணையிலேயே சமரசத்துக்கு அனுப்புவதும் உண்டு, நியாயமான தொகை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். உத்தரவு போட்டும் கொடுக்காமல் இழுத்தடித்தால் பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25 ஆயிரத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

மகளின் வீடியோக்களுக்கு என்ன விலை என்று எந்த ஆணையமும் கணக்கிட முடியாது. மன உளைச்சல் என்ற தலைப்பில்தான் அதற்கு ஏதாவது கிடைக்கும், அது பெரிய தொகையாக இருக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவை அவர்கள் போனில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள், அவர்களும் அழித்துவிடுவதற்குள். ‘வேறு பிரதி ஏன் வைக்கவில்லை?’ என்று விசாரணையில் கேட்பார்கள். ‘போனில் இடமில்லாததால்தான் கார்டே வாங்கினேன்’ என்ற நேரான பதில் போதும்.

போலீஸுக்கும் போகலாம். ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-இல் வருகிறது. பொய்யான வணிகக் குறியோடு சரக்கு விற்பதற்கு வணிகக் குறிச் சட்டம், 1999-இல் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஒரே ஒரு கார்டுக்கு நிலையத்தில் ஆர்வம் காட்ட மாட்டார்கள். கடையில் இதே சரக்கு குவிந்திருப்பதைப் பார்த்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு எழுதும் ஈமெயிலில் சொல்லுங்கள். அவர்கள் புகார் கொடுத்தால் நடவடிக்கைக்கு வேகம் கிடைக்கும்.

வழக்குக்கான கெடு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. நோட்டீஸ் அனுப்பியதாலோ, 1915-இல் புகார் நிலுவையில் இருப்பதாலோ, கடைக்காரர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதாலோ அந்தக் கெடு நீளாது. நோட்டீஸின் 15 நாள் முடிந்ததும் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.