Re: பையன் நெத்தில சர்ச் சாம்பலோட வந்தான், மாமியார் சண்டை

சகோ, கான்வென்ட்ல பையன் நெத்தில சாம்பல் பூசி விட்டதுக்கு, 'மதம் மாத்துறாங்க'ன்னு மாமியார் குதிக்கிறாங்கன்னு போட்டிருந்தீங்க, முதல்ல அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க, தமிழ் கத்தோலிக்கருங்க அந்த நாளுக்கு வெச்சிருக்க பேரே திருநீற்றுப் புதன்தான் 😄 போன வருஷம் குருத்து ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) மந்திரிச்ச ஓலையை எரிச்சு எடுத்த சாம்பல் அது, மண்ணுலருந்து வந்த நீ மண்ணுக்கே போவன்னு சொல்லி பூசுவாங்க, அன்னைலருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயிறு சேக்காம 40 நாள் தவக்காலம், அதாவது நோன்பு காலம். நம்ம விபூதியும் சாணி உருண்டைய காயவெச்சு உமி மூட்டம் போட்டு சுட்டதுதானே, கடைசில எல்லாரும் ஒரு பிடி சாம்பல்தான்னு எங்க தாத்தா பூசும்போதெல்லாம் சொல்வாரு. பையனுக்கு இஷ்டமில்லனா டீச்சர்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க, அவனை மட்டும் திட்டாதீங்க ப்ளீஸ்.